திருடனைக் காட்டிக்கொடுத்த திரை

இன்று மயிலாப்பூர் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், சென்டர்காரர் முரளி, என் பஜனை வகுப்புப் பிள்ளைகள்.

கோயில் மணியைத் திருடியது யார் என்று நான் வரைந்த படக்கதையை முரளி ஸ்கேன் செய்து திரையில் போட்டார். பக்கத்தின் எட்டுப் படங்களும் மொத்தமாக வந்து நின்றன. எழுத்தெல்லாம் எறும்பு.

"அப்படியே புக் மாதிரி இருக்கு பாருங்க மாமி!" என்றார் முரளி.

எழுத்து தெரியாவிட்டால் என்ன, கடைசிப் படம் தெரிகிறதே! "குரங்குதான் திருடன்!" என்று கத்திவிட்டுப் பிள்ளைகள், கதை முடிந்ததும் நான் தரும் சுண்டலுக்குக் கை நீட்டினார்கள்.

பெரிதாக்கச் சொன்னேன். குரங்கின் வால் மட்டும் வந்தது.

"நகர்த்தி நகர்த்திப் படிக்கலாம் மாமி."

"கதை படிக்கணுமா, பீரோ நகர்த்தணுமா?" என்றார் வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அடுத்த கதை. அந்தத் திருடனாவது கடைசிவரை ஒளிந்திருக்க வேண்டும். திரைக்கு ஒரு படமாக வர என்ன செய்யலாம்? முரளியைத் தவிர, இதைப் படிக்கிறவர்கள் யாராவது சீக்கிரம் பதில் எழுதுங்கள்.