தேயக் கூடாத குரல்

வாகீசன் கை கழுவித் துடைத்து, வெள்ளைப் பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் உள்ள அவர் வீட்டுச் சாமியறையில், பிள்ளையாருக்கு மேல் அடுக்கில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இசைத்தட்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தரிசனம். அன்று நானும் போயிருந்தேன்.

"மச்சம் திண்ட கையாலை தொட்டுப்போடாதேங்கோ, அண்ணை," என்றார், நான் மீன் சாப்பிட்டு வந்தது தெரிந்தவர்போல.

'பாதர்ஸ்ட் பெல்ஸ்' என்ற பெயரில் மூன்று கறுப்பினப் பெண்கள் அறுபதுகளில் ரொறன்ரோவில் பாடிய ஒரே இசைத்தட்டு அது; 'சோல்' என்ற கறுப்பின இசைவகை. வெளியிட்ட கம்பனி மூழ்கியபோது பிரதிகள் குப்பைக்குப் போயின. பாடியவர்களுக்குக்கூட ஒன்று கிடைக்கவில்லை. வாகீசனிடம் இருக்கிறது. இதைச் சொல்லும்போது, தானே பாடியவர்போலத் தொண்டையைச் செருமுவார்.

இசைத்தட்டுக்குப் புகை ஆகாது என்று வீட்டில் கற்பூரத்துக்குத் தடை. "பிள்ளையார் இப்ப பட்டரி லைற்றிலைதான் இருக்கிறார்," என்கிறார் மனைவி புனிதவதி. பிள்ளையாரை நம்பாத எனக்கே அவர்மேல் இரக்கம் வந்தது.

அந்தப் பாட்டை வாகீசன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "ஊசி வைச்சால் தேஞ்சுபோமெல்லே!" ஆனாலும் உருகுவார்: "அந்தச் சனத்தின்ரை வலி, அண்ணை, அப்பிடியே உதுக்குள்ளை இருக்கு." அந்தச் சனத்தில் ஒருவன், தன் மகள் சிவானியின் நண்பனாக வந்தபோது, வாசற்படியோடு திருப்பி அனுப்பியவரும் இவர்தான்.

சிவானி வோபர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. அன்று சக்கர நாற்காலியில் ஒருவரை அழைத்து வந்தாள். அன்ரனெற், அந்தத் தட்டில் பாடிய மூவரில் உயிரோடிருப்பவர் அவர் ஒருவரே. வாகீசன் குழைந்தார். இசைத்தட்டின் உறையை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். "இனி உதின்ரை பெறுமதி எங்கையோ போயிடும்!"

"ஒரு தடவை போடுவீர்களா? என் தோழிகளின் குரலைக் கேட்க வேண்டும்," என்று ஆங்கிலத்தில் கேட்டார் அன்ரனெற்.

"சொறி, மடம். வெரி றெயர்," என்று ஆங்கிலத்திலேயே மன்னிப்புக் கேட்டார் வாகீசன். அத்தனை அரிய பொருளாம்.

"அப்பா, அவ பாடின பாட்டு!"

"பாடினது அவ. வைச்சிருக்கிறது ஆர்?"

அன்ரனெற் உறைப் படத்தில் தனக்கு இருபுறமும் நின்ற தோழிகளின் முகங்களை விரலால் தொட்டார். பிறகு கண்களை மூடி, தன் பகுதியை மட்டும் மெல்லப் பாடினார். தோழிகள் பாட வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் நிறுத்திக் காத்திருந்தார்.

அந்த இடைவெளிகளில் துணி உரசும் சத்தம் கேட்டது. வாகீசன் உறையில் பதிந்த விரல் அடையாளங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையெழுத்தில் படாமல், மிகக் கவனமாக.