அக்கா விழுந்த பள்ளம்

மகள் போனில் ஒரு கேமின் விமர்சன வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்துக்கு ஒன்பது கொடுத்திருக்காங்கப்பா. வாங்கலாமா?"

அதில் கேட்ட பொத்தான் சத்தம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த செந்தூல் பிளாட்டுக்குக் கொண்டுபோனது.

தீபாவளிக்கு அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே ஒரு கேம் கேசட்தான். வாங்கும் முன் கடைக்காரர் ஒரு நாள் விளையாடிப் பார்க்கக் கொடுப்பார். சூடேறிய டிவியின் தூசி வாசனையில் நான் மூன்று கட்டம் தாண்டி, "சூப்பர்ப்பா!" என்றேன்.

லோரி ஓட்டிவிட்டு வந்த அப்பா, அக்காவை விளையாடச் சொன்னார்.

"அவளுக்கு விளையாடவே தெரியாதேப்பா!"

"அதான் லா. நீ எதுன்னாலும் ஜெயிச்சிடுவ."

அக்கா முதல் பள்ளத்திலேயே விழுந்தாள். சிரித்தாள். மறுபடி ஆரம்பித்து மறுபடி விழுந்தாள்.

"தோத்தும் விட மாட்டேங்கறா பாரு. வாங்கிருவோம்," என்றார் அப்பா.

மகளிடம் கேட்டேன்: "ஒன்பது கொடுத்தவரு நல்லா விளையாடுவாரா?"

"சாம்பியன்ப்பா!"

"டெமோ இருந்தா போடு. நான் விழுந்து பாக்குறேன்."