புதன்கிழமை மூன்று மணி

யோசனை எனக்கு வந்தது பதுளைக்கு இறங்கும் பஸ்ஸில், தேயிலைக் கொழுந்து லொறிக்கு வழிவிட்டு ஒரு வளைவில் நின்றபோது. போனில் நான் பார்த்த வீடியோவில் வெளிநாட்டு நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கெடுப்பது பெற்றோர்தான், விதிகள் போடுங்கள், கையெழுத்து வாங்குங்கள், தண்ணீர்ப் பக்கம் அண்டவிடாதீர்கள் என்றார். எனக்குள் சட்டென்று ஏதோ பற்றிக்கொண்டது. பையிலிருந்து கொப்பியை எடுத்து, பஸ் ஆடுகிற ஆட்டத்திலேயே எழுத ஆரம்பித்தேன். ஸ்டாண்டில் இறங்கும்போது பன்னிரண்டு விதிகள் தயார். அன்று மாலையே டைப் அடித்து, போட்டோ கொப்பி எடுத்து, சூடு ஆறுவதற்குள் எல்லாப் பிள்ளைகளிடமும் கொடுத்துவிட்டேன். ஒரு இரவு பொறுத்திருந்து படித்துப் பார்த்திருக்கலாம். எனக்கு எப்போதும் அந்தப் பொறுமை இருந்ததில்லை.

டவுன் நீச்சல் தடாகத்தில் அப்போது நான் பதினாலு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பெற்றோரால் எனக்குத் தொல்லை என்றால், உண்மையில் அது ஒரே ஒரு அப்பாதான். பஜாரில் புடவைக்கடை வைத்திருப்பவர். மகன் நீந்தும்போது இவர் கரையில் கூடவே ஓடுவார், கையில் சொந்த ஸ்டொப் வொச்.

"கால அடிடா! கால! தண்ணிக்குள்ள படுத்துத் தூங்குறியா?"

பையன் சுவரைத் தொட்டதும் என்னைப் பார்க்கமாட்டான், வாப்பா முகத்தைத்தான் பார்ப்பான். நான் நேரம் சொன்னால், "மிஸ், ஒங்க வொச் கொஞ்சம் மெதுவா நிக்கிது" என்பார். நல்ல மனுஷன். மழை நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சூடாக ரோல்ஸ் வாங்கி வருவார். அவரிடம் தனியாகப் போய், "நீங்க ஓட வேணாம், பிள்ளை பயப்படுறான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருத்தரிடம் சொல்ல வேண்டிய ஒரு வசனத்தைச் சொல்லப் பயந்து, பதினாலு வீட்டுக்கும் பன்னிரண்டு விதி போட்டேன்.

பெற்றோர் கம்பிக் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பயிற்சி நேரத்தில் பிள்ளையோடு பேசக்கூடாது. மாதம் ஒரு கூட்டம், புதன்கிழமை மூன்று மணிக்கு. இரண்டு கூட்டத்துக்கு வராதவர்களின் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பமாட்டேன்.

மூன்று மணி எனக்கு வசதி. நாலு மணிக்குப் பயிற்சி, அதற்கு முன்னால் சும்மாதான் இருப்பேன். அந்த நேரம் யாருக்கு ஒத்துவராது என்று யோசிக்கவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய். எனக்குத் தெரியும்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தாள். பதினாலு வயது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் அவள் ஒரு உதை உதைத்தால், மற்றவர்கள் இரண்டு உதைக்குப் போகிற தூரம் போவாள். பாடசாலைப் போட்டியில் ஜெயித்து, மாகாண மட்டத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அங்கேயும் முதல் மூன்றுக்குள் வருவாள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவள் அம்மா கொழுந்து பறிப்பவர். வேலை இல்லாத நாட்களில் மகளோடு வருவார். ஒரு சொல் பேசமாட்டார். கரையோரம் துவாயோடு நிற்பார். பிள்ளை ஒரு சுற்று முடித்து ஏறியதும், அவள் விரல்களைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துவிடுவார். எங்கள் மலைத் தண்ணீருக்கு விரல் நீலமாகிவிடும். அந்தத் தேய்ப்புக்குப் பிறகு பிள்ளை நீந்துகிற சுற்றுதான் எப்போதும் நல்ல சுற்றாக இருக்கும். இதை நான் கவனித்திருந்தேன், கொப்பியில்கூட எழுதி வைத்திருந்தேன்.

விதி வந்த வாரம் அந்த அம்மா துவாயோடு கம்பிக்கு வெளியே நின்றார். புடவைக்கடைக்காரர் கம்பிக்கு வெளியே நின்றும் கத்தினார்.

முதல் கூட்டத்துக்கு அந்த அம்மா வரவில்லை. "அடுத்ததுக்குக் கட்டாயம் வரணும்னு சொல்லு" என்று மகளிடம் சொன்னேன்.

"மூணு மணிக்கா மிஸ்?"

"மூணு மணிக்குத்தான்."

நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது கூட்டம் முடியப்போகும் நேரம் அந்த அம்மா வந்தார். நேரே மலையிலிருந்து வந்திருந்தார். இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை அவிழ்த்துச் சுருட்டி ஒரு பையில் திணித்திருந்தார். செருப்பு கையில். கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. வெள்ளை டைல்ஸில் இரண்டு சொட்டு விழுந்ததைப் பார்த்து, அவரே குனிந்து முந்தானையால் துடைத்தார். எல்லாப் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையும்.

"மூணு மணின்னா மூணு மணிம்மா" என்றேன்.

"காலையில பேர் பதியிற பெரட்டுலயே கேட்டு வச்சேங்க மிஸ். பகலைக்கு மேல கொழுந்து நிறுத்துட்டுத்தான் போகணும்னுட்டாரு கங்காணி. நிறுவை முடிய..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நேரம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

எனக்குத் தெரியாதாம். நானே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி, டவுன் பாடசாலை ஹொஸ்டலுக்குப் போகும்வரை, நிறுவை முடிந்து அம்மா வருகிற நேரத்தை வைத்துத்தான் எனக்குப் பொழுதே சாய்ந்தது. தடாகத்தில் யாருக்கும் இது தெரியாது. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பாதி சிங்களம், பாதி இங்கிலிஷ் கலந்து பேசிக்கொண்டு, பதுளை டவுன் பிள்ளை மாதிரியே நடந்துகொண்டேன். அன்று அந்த அம்மாவோடு சேர்த்து என்னையும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் குரல் அவ்வளவு உயர்ந்தது.

அவர் என்னிடம் கையை நீட்டினார். விதித்தாளை வாங்கி, நின்றபடியே முழுதும் படித்தார். பிறகு கேட்டார்: "பேசக்கூடாதுன்னு போட்டிருக்கீங்க மிஸ். கை வெரைச்சா தேய்ச்சு விடலாங்களா?"

யாரோ சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன்.

நேரம் கடந்து வந்தால் வராத மாதிரி என்று கணக்கு வைத்து, போட்டிப் படிவத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதாமல் விட்டேன். படிவம் போய்ச் சேர்ந்ததும் மாற்ற வழியில்லை. கண்டிப்பான பயிற்சியாளர் என்று இரண்டு நாள் எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை.

மாகாணப் போட்டியன்று பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வென்ற பிள்ளையின் நேரத்தை அறிவித்தார்கள். எங்கள் பிள்ளை சளியோடு நீந்திய ஒரு நாளில்கூட அதைவிடச் சீக்கிரம் தொட்டிருக்கிறாள். நான் கொப்பியை மூடிவிட்டேன். பக்கத்தில் புடவைக்கடைக்காரர். வழக்கமாகக் கத்துகிறவர், அன்று மெதுவாகப் பேசினார்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. அந்த ரூல் எல்லாம் எனக்காகப் போட்டதுதானே?"

நான் கொப்பியைப் பைக்குள் வைத்தேன்.

"என் பொண்டாட்டி அன்னிக்கே சொல்லிட்டா. இது ஒங்களுக்குத்தான், வாயப் பொத்துங்கன்னு. எங்கிட்ட நேரா சொல்லியிருந்தா ரெண்டு நாளைக்கு மொறைச்சிருப்பேன். அவ்வளவுதான். அந்தப் புள்ளைய வுட்டுட்டீங்களே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்வெளிக்குப் போனேன். லயத்துப் பீலியில் கொட்டுகிற தண்ணீரில் அந்த அம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மிஸ்" என்றார். உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொடுத்தார். பிள்ளை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் போய்விட்டாள். பஸ்ஸில் நான் பாடமாக்கி வந்த வசனம் எதுவும் வாயில் நிற்கவில்லை. அவரேதான் ஆரம்பித்தார்.

"ஒங்க அம்மா இன்னும் வேலைக்குப் போறாங்களா, இல்ல நின்னுட்டாங்களா?"

"எப்படித் தெரியும்?"

"மொத நாளு புள்ளைய கூட்டியாந்தப்ப, தோட்டத்துல எந்தப் பிரிவு, மேக்கணக்கா கீக்கணக்கான்னு கேட்டீங்களே. டவுன் ஆளுங்களுக்கு ஏது மேக்கணக்கு? தோட்டத்துல பொறந்தவங்கதான் அப்படிக் கேப்பாங்க."

"அப்ப அன்னிக்கு ஏன் சொல்லல? எனக்குத் தெரியாதுன்னு நான் சொன்னப்ப?"

"நாலு பேரு முன்னாடி எப்படிங்க சொல்றது? ஒங்களுக்கு ஒரு மாதிரி ஆயிருமே."

என் மானத்தைக் காப்பாற்ற மகளின் போட்டியைக் கைவிட்டிருக்கிறார். அதை அவர் ஒரு பெரிய காரியமாகவும் நினைக்கவில்லை. அழுதால் அதற்கும் அவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டிவரும் என்பதால், கீழே பார்த்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.

"என் பிழைதான். அவளைத் திரும்ப அனுப்புங்க" என்றேன்.

"நான் அனுப்புறதுல என்ன இருக்கு? அவதான் மாட்டேங்குறா. அம்மாவப் பாத்து சிரிச்ச எடத்துக்குப் போகமாட்டேன்னு நிக்கிறா. நீங்களே கேளுங்க."

பின்பக்கம் போனேன். பிள்ளை விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். திரும்பாமலே சொன்னாள்: "இங்க வந்து சொல்றது லேசு மிஸ். அங்க எல்லாரும் இருந்தாங்க."

பஸ் ஏறி வந்துவிட்டேன். வழியில் கொப்பியை எடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தைப் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில், காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறேன். அன்று தோட்டத்திலும் வேலை இல்லை. அந்த அம்மா வருகிறேன் என்றிருக்கிறார். பிள்ளை வருவாளா என்று தெரியவில்லை. புடவைக்கடைக்காரரிடம் நேற்றே கடைக்குப் போய் நேராகச் சொன்னேன், "நீங்க ஓடக்கூடாது" என்று. சொன்ன மாதிரியே முறைத்தார். கூட்டத்தில் முதலில் விதித்தாளைக் கிழிக்கலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அது சும்மா நாடகமாகிவிடும். அதனால் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும், அன்று அந்த அம்மா நின்ற அதே இடத்தில் நான் நின்று, நான் எந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தேன், எனக்கு என்ன தெரிந்திருந்தது, தெரியாது என்று ஏன் சொன்னேன் என்று தமிழிலேயே சொல்லப்போகிறேன்.