சாய்தளத்தை ஒட்டிய இடம்

தல்லாகுளத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் வாசலில், சாய்தளத்தை ஒட்டி, மாற்றுத்திறனாளி வண்டிக்கென்று ஒரே ஒரு இடம் உண்டு. தரையில் மஞ்சள் கோடு போட்டுச் சக்கர நாற்காலிப் படமும் வரைந்திருப்பார்கள். எனக்கு வலது கால் போலியோ. பக்கச் சக்கரம் வைத்த என் ஸ்கூட்டர்தான் பல வருடமாக அங்கே நின்றது. எவனாவது அதில் பைக்கைப் போட்டுவிட்டால் ஆபீஸே அதிரும்படி கத்துவேன். நியாயம் என் பக்கம் இருந்ததால் குரலும் நன்றாக வந்தது.

போன வருடம் செல்லூரிலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். பஸ் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய், செயற்கைக் கால் பொருத்தியிருந்தார். அவருக்கும் பக்கச் சக்கர வண்டிதான். அதைக் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஜல்லி கொட்டிய பாதையைச் சுற்றி வரவேண்டும். செயற்கைக் கால் உரசி உரசிப் புண்ணாகிவிட்டது என்று சொல்லி, மாற்றி மாற்றி நிறுத்திக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை. பாவம், கடைசியில் அதிகாரியிடம் மனு கொடுத்தார்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். “அந்த எடத்துல நிறுத்த ஒரு வண்டிக்குத்தான் ஸ்டிக்கர். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் கேட்லருந்து வாசல்வரைக்கும் நடங்க. யாருக்கு ரொம்பக் கஷ்டமோ அவங்களுக்குக் குடுத்துருவோம். அந்தம்மாட்டயும் சொல்லிருங்க.”

நான் பாதியைத்தான் சொன்னேன். “நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் நடந்து காட்டச் சொல்றாரும்மா.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “மனு குடுத்ததே தப்பாப் போச்சோண்ணே? இன்னும் வேலை நிரந்தரமாகல. முடியாதவன்னு எழுதிருவாகளோ?”

எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பயம் எலும்பிலேயே ஊறியது. நடந்து காட்டு என்று யார் சொன்னாலும், வேலைக்கு லாயக்கா என்று பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றும். மருத்துவச் சோதனையில் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தவன்தான். அதனால் அவர் எங்கே தப்பாக நினைக்கிறார் என்பது எனக்கு உடனே புரிந்தது. ஒரு வார்த்தை போதும், திருத்தியிருக்கலாம்.

“நல்லா நடந்து காட்டணுமாண்ணே?”

“ஆமாம்மா. தடுமாறாம நடந்துருங்க.”

மறுநாள் முதலில் நான் நடந்தேன். தொடையில் கையை ஊன்றி, இடுப்பை வளைத்து, வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். வீட்டில் யாரும் பார்க்காதபோது மட்டும் நடக்கிற நடை அது, நின்றதுதான் நடிப்பு. அடுத்து அவர். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், பள்ளிக்கூட அணிவகுப்பில் போவதுபோல வந்தார். உதட்டைக் கடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. அதிகாரி பார்த்தது கால்களை மட்டும்.

“அந்தம்மா நல்லாத்தான நடக்குது” என்று சொல்லிவிட்டு ஸ்டிக்கரை என்னிடம் நீட்டினார்.

மத்தியானம் அவர் என் மேசைக்கு வந்தார். இடது முழங்காலுக்குக் கீழே சேலையில் புண்நீர் பட்டு ஈரமாக இருந்தது. திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, சொல்வதற்கு ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

“ஸ்டிக்கர் உங்களுக்குத்தாண்ணே சேரணும். நீங்க நடந்ததப் பாத்து எனக்கு அழுகையே வந்துருச்சு. இம்புட்டுக் கஷ்டத்த வச்சுக்கிட்டு, நான் போயி உங்க எடத்தக் கேட்டேனே” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் நல்லா நடந்தேன்லண்ணே? வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல?”

“வராதும்மா” என்றேன்.

சாயங்காலம் அந்த ஸ்டிக்கரை, ஓரம் மடங்காமல் தேய்த்து, வண்டியில் ஒட்டினேன்.