வாசலில் கழற்றிய ஷூ

ஸ்பெயினில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் வாரம் முழுக்கப் பன்னிரண்டரைக்கே குடலைப் பிடுங்கும் பசியோடு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் கடைகளெல்லாம் சாத்திக் கிடக்கும். நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா ஐந்தே நிமிடத்தில் வெந்நீரை நிறுத்திவிடுவாள். தலையில் சோப்பு நுரையோடு நின்று பல்லைக் கடித்திருக்கிறேன். எங்கள் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊர்ப் பேச்சில் சொல்தா. பிரெஞ்சு தெரிந்தால் ஐரோப்பா முழுக்கப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அடித்துச் சொல்லி அனுப்பியவர் அவர்தான். அந்தப் பேச்சை நம்பி ரொட்டிக்கடையில் பிரெஞ்சு பேசினேன். கடைக்காரி எனக்குப் பின்னால் நின்றவளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

உதவித்தொகையில் முதுகலை படிக்கப் போயிருந்தேன். அப்பாவுக்கு என்னை அனுப்ப மனமில்லை. அம்மாதான் மல்லுக்கு நின்று அனுப்பிவைத்தாள்.

"அது நம்ம வேதக்காரங்க நாடு. கோயில் இருக்கிற ஊர்ல எம்பொண்ணு அநாதையா நிக்கமாட்டா" என்று அப்பாவிடம் சொன்னாள்.

நானும் அதை நம்பித் தொலைத்தேன். வகுப்பில் ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் என்ன, கோயிலில் எனக்கு மனிதர்கள் கிடைப்பார்கள் என்று நினைத்தேன். அங்கேயும் கிடைக்காவிட்டால் டிசம்பரோடு மூட்டை கட்டிவிடுவது என்று முடிவும் செய்திருந்தேன்.

நவம்பர் ஞாயிறு ஒன்றில், இருந்ததிலேயே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு மாதாகோயில் பூசைக்குப் போனேன். எங்கள் ஊர் நெல்லித்தோப்பில் நாங்கள் யாரும் செருப்போடு கோயிலுக்குள் போகமாட்டோம். வாசல் வந்ததும் கால் தானாக நின்றது. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, துப்பட்டாவை முக்காடு போட்டு உள்ளே போனேன். கல்தரையின் குளிர் முழங்கால்வரை ஏறியது. மற்ற எல்லோர் காலிலும் ஷூ இருந்ததை உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். எழுந்து போக வெட்கமாக இருந்தது.

பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், பக்கத்தில் இருந்த கம்பளிக் கோட்டு அம்மாள் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். ஊரில் நாங்கள் கைகூப்புவதோடு சரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா சொன்னது பலித்துவிட்டது, இனி இங்கே இருந்துவிடலாம் என்று பட்டது.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஷூவைக் காணோம். வெறுங்காலோடு வாசலில் நின்று, குளிருக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, போகிறவர்களிடம் தெரிந்த நாலு வார்த்தையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் நிற்கவில்லை. கடைசியில் அந்தக் கோட்டு அம்மாள் வந்தாள். அப்பாடா என்று அவளை நோக்கிக் கையை நீட்டினேன். அவள் பையைத் துழாவி என் உள்ளங்கையில் ஒரு காசை வைத்தாள். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கூட வந்தவளோடு பேசிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள். அதைவிடக் கொடுமை, என் பாழாய்ப்போன வாய் அவளுக்கு நன்றி சொன்னது.

யாரோ வேண்டாமென்று விட்டுப்போனது என்று நினைத்து, கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் என் ஷூவை ஏழைகளுக்குத் துணிமணி போடும் பெட்டியில் போட்டிருந்தார். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் அந்தப் பாதகத்தியைச் சபித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் சாபம் நின்றுவிட்டது. எங்கள் கோயில் வாசலில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர் கையில் சின்ன வயதிலிருந்து நான் காசு போட்டிருக்கிறேன். அவர்களில் ஒருத்தியின் முகமாவது ஞாபகம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கோட்டு அம்மாள்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் என்மேல் திரும்பியது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நேரே டெலிபோன் பூத்துக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். பூசைக்குப் போனாயா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. போனேன் என்றேன்.

"ஜனங்க எப்டி இருக்காங்க?"

"நம்மள மாதிரிதாம்மா. அப்படியே நம்மள மாதிரிதான்."

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று பக்கத்தில் இருந்த அப்பாவிடம் அவள் சொல்வது கேட்டது. குரலில் அவ்வளவு சந்தோஷம். டிசம்பரில் திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தேன். சொல்லாமலே ஃபோனை வைத்துவிட்டேன்.