ஒலிபெருக்கியில் குழறிய குரல்

பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக அறிவிப்புச் சொல்லி வந்தவளின் குரல் ஊருக்கே தெரியும். முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு நாற்காலி. கல்யாணம் தட்டித் தட்டிப் போய் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. கூடப்பிறந்த தம்பி மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்வான்.

சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய ஒரு மாத்திரை. இரண்டையும் தவறவிட்டதே இல்லை. அந்த வாரம் எதுவோ ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தாள். எட்டிப் பார்க்க ஆளில்லை. மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் வழக்கம்போல மாத்திரைகளை விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பத்து மணி வாக்கில் கை நடுங்கியது. முதுகு வியர்வையில் நனைந்தது. நெஞ்சு படபடவென்று அடித்து, நடுவில் ஒரு துடிப்பை விட்டது போலாகி, மறுபடி தடதடத்தது. ஒன்றுமில்லை என்று தன்னையே அதட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். நடைமேடை எண்ணை மாற்றிச் சொன்னாள். அடுத்த வரி வாயிலேயே குழறியது. கீழே பயணிகள் சிரித்தார்கள்.

ஒரு டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. சர்க்கரை இறங்கும்போது அவர் மனைவியும் இப்படித்தான் குழறுவாள். படியேறி ஓடினார். மேசையில் சாய்ந்திருந்தவளுக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"சர்க்கரை இறங்கினா உடம்பு பதறிப்போய் இதயத்தை விரட்டும்மா," என்றார் டாக்டர். "பேதியில பொட்டாசியம் வேற போயிருச்சு, மிச்சத்தை நீர் மாத்திரை வெளிய தள்ளிருச்சு. அந்த உப்பு குறைஞ்சா இதயத் துடிப்பு தப்பும். விட்டிருந்தா நின்னே போயிருக்கலாம்."

உறவுக்காரர் நம்பர் கேட்ட நர்ஸிடம், யோசித்து, தம்பியுடையதைக் கொடுத்தாள். சாயங்காலம் அவன் கூப்பிட்டான்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கலையேப்பா." அதில் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவன் சொன்னான், லீவு கிடைக்காமல் வரவில்லை.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியபின் துடிப்பு சீரானது. சாப்பிட முடியாத நாளில் கேட்காமல் மாத்திரை போடக்கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். வேலைக்குத் திரும்பியதும் டாக்டரின் நம்பரை ஒரு தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டினாள். நலம் விசாரிக்க வந்த டிரைவர் பேனாவை வாங்கி, அதன் கீழே தன் மனைவியின் நம்பரையும் எழுதி வைத்தார்.