நாக்குக்குப் போகும் கட்டைவிரல்

எனக்குக் கோதுமை ஆகாது. மதுரையில் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். சீலியாக் என்று பேர். கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் வயிற்றுக்குள் போகக் கூடாது. போனால் குடல் புண்ணாகும். அன்றோடு பரோட்டாவை விட்டேன். கடைப் பெருங்காயத்தில் மாவு சேர்ப்பார்கள் என்றதும் அதையும் விட்டேன். சோறு, இட்லி, கம்மங்கூழ். அவ்வளவுதான்.

வருசம் ஒன்றாகியும் வயிற்றோட்டம் நிற்கவில்லை. உடம்பு இறங்கிக்கொண்டே போனது. கையைத் தூக்கினால் வளையல் முழங்கைக்கு ஓடியது. டாக்டரம்மா ரத்தத்தில் நோயின் அளவு இறங்காததைப் பார்த்துவிட்டு, "கோதுமை சாப்பிடுறீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்படின்னா வேற ஏதும் இருக்கான்னு பார்க்கணும்."

வேற என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை. என் அம்மா வயிற்றில் கட்டி வந்து செத்தவள்.

விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கொட்டகையில் வேலை எனக்கு. வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டி ஒட்டுவது. பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏ புள்ள, திருட்டுப் பரோட்டா திங்குறியா? எங்கிட்ட மட்டும் சொல்லு."

"திங்கல."

"பெறகு எப்படி இப்படி எளைக்க? சீசன் முடியுறதுக்குள்ள உன்னையவே சுருட்டி ஒட்டிரலாம் போலயே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மகளுக்குச் சடை பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னினேன். அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை.

அடுத்த முறை போனபோது ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என்னைத் தனியாக உட்காரவைத்தது. டாக்டருக்கு மேல்படிப்புப் படிக்கிற பெண். இந்த நோயோடு இருக்கிறவர்களின் பாடு எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணுகிறார்களாம். வெளிநாட்டுக் கேள்வியை அப்படியே கேட்டால் நம் ஆட்களுக்குப் பொருந்தாதாம்.

"புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்கக்கா. பரீட்சை உங்களுக்கு இல்ல, கேள்விக்குத்தான்."

கல்யாண வீட்டில் சாப்பிட முடியாமல் வருத்தமா? அடுத்தவர் கேலி செய்கிறார்களா? இல்லை, எப்போதாவது, எப்போதும், இதில் ஒன்று சொல்ல வேண்டும்.

"பயமா இருக்காக்கா?"

"எந்தப் பயத்தக் கேக்கீக?"

"எந்தப் பயம்னா?"

"எங்க ஊர்ல டமார்னு சத்தம் கேட்டாலே வெளிய ஓடியாந்து எந்தப் பக்கம் பொகைன்னு பாப்போம். அதையா?"

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு யோசித்தது. "நோயை நினைச்சு."

"இல்லை" என்றேன். சொல்லிவிட்டால் நிசமாகிவிடும் போல இருந்தது.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். மீதித் தாள்களை நானே வாங்கிக்கொண்டேன். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒன்றைப் புரட்டினேன். மறுபடி தொட்டேன்.

"ஐயோ, எச்சி வேணாங்க்கா" என்று அந்தப் பெண் சிரித்தது.

"வேலைப் பழக்கம்மா. எச்சி தொட்டாத்தான் காகிதம் ஒண்ணொண்ணா வரும்."

"என்ன வேலை?"

"குழாய் ஒட்டுறது."

"எதை வச்சு ஒட்டுவீங்க?"

"மைதாப் பசை..."

அந்தப் பெண் என் விரலைப் பார்த்தது. நானும் பார்த்தேன். நகக்கண்ணில் பசை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

அந்தப் பெண் போய் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு வந்தது. "இதுதானான்னு நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார் அவர். வேலையை விடச் சொன்னார். விட்டால் சோறு ஏது? விரலை நிறுத்துகிறேன் என்றேன்.

ஈரத்துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதில் தொட்டுக் காகிதம் எடுத்தேன். ஆனாலும் அசந்த நேரத்தில் விரல் வாய்ப் பக்கம் போகும். பக்கத்து அக்கா முழங்கையால் இடிப்பாள். "கைய எடு புள்ள. வெரல் சூப்புற வயசா ஒனக்கு?" சில சமயம் அவளும் பார்த்திருக்க மாட்டாள். நாக்கில் பட்டதா, படவில்லையா என்று எனக்கே தெரியாது. வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வாயைக் கொப்பளிப்பேன்.

சில மாதம் போய் ரத்தம் பார்த்தார்கள். நோயின் அளவு இறங்கியிருக்கிறது என்றார்கள். வயிற்றோட்டம் நின்றிருந்தது. வளையல் மணிக்கட்டிலேயே நின்றது. அந்தப் பெண் அதே கேள்விகளோடு வந்தது. உடம்பு மாறினால் பதிலும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"நோயை நினைச்சுப் பயமா இருக்காக்கா?"

"எப்பவும்."

அது பழைய தாளை எடுத்துப் பார்த்தது. "உடம்பு தேறிட்டீங்களே. முடியாம இருந்தப்பவே இல்லைன்னு சொன்னீங்க?"

"இப்ப அந்த நோவு என் கையிலேயே இருக்கும்மா."

அந்தப் பெண் எழுதிக்கொண்டது. அடுத்த தாளை அதுவே புரட்டியது. நான் கையை மடியில் வைத்து, கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.